கடையில் வெளுத்த சயனோடைப் படங்கள்

வணக்கம். புதுச்சேரிக் கைவினைக் கடையின் கண்ணாடி ஜன்னலில் வைத்த உங்கள் சயனோடைப் படங்கள் (இரும்பு உப்பு பூசிய தாளில் வெயில் பட்டு நீல நிறத்தில் உருவாகும் அச்சுகள்) இரண்டே மாதத்தில் வெளுத்துவிட்டன, கடைக்காரர் திருப்பி எடுக்கச் சொல்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். பதறாதீர்கள், தூக்கியும் போட்டுவிடாதீர்கள். வெயிலில் மங்கிய நீலம், இருட்டில் காற்றுப் படும்படி வைத்தால் பெருமளவு திரும்பி வரும். நான் மரப்பெட்டியில் ஒரு வாரம் வைத்த வேப்பிலைப் படத்தில் நரம்புகூடத் தெளிவாகத் திரும்பியது. அன்றைக்கு அவ்வளவு சந்தோஷம்!

அப்புறம், பின்அட்டையைப் பாருங்கள். சுண்ணாம்பு கலந்த, காரத்தன்மையுள்ள அட்டை என்றால் மாற்றுங்கள். காரம் இந்த நீலத்தை அரித்துவிடும், அது திரும்பாது. கடைக்காரரிடம் உள்சுவரில் இடம் கேளுங்கள். கமிஷன் எவ்வளவு, சேதமானால் யார் பொறுப்பு என்பதை மட்டும் எழுதி வாங்கிவிடுங்கள்.