சர்க்கரை குறைத்த ஸ்பாஞ்ச் கேக்: கேட்டவர்களுக்குப் பதில்

கேள்விகள் குவிந்துவிட்டன, ஒரே மாதிரி கேட்டவர்களைச் சேர்த்துவிட்டேன். மாத்திரை, இன்சுலின் அளவு பற்றிக் கேட்டவர்கள் தயவுசெய்து டாக்டரிடம் போங்கள், நான் அடுப்படி ஆள்.

கேள்வி: அக்கா, அம்மாவுக்கு சுகர் இருக்கிறது. 4 முட்டை, 120 கிராம் சர்க்கரை, 120 கிராம் மைதா, இதுதான் நான் செய்யும் கேக். பிறந்தநாளுக்குச் சர்க்கரையே இல்லாமல் செய்ய முடியுமா?

பதில்: அடியோடு எடுத்தால் கேக் எழும்பாது. முட்டை நுரையைக் கட்டிப் பிடித்து வைப்பதும், ஈரத்தை இழுத்து வைப்பதும், மேலே பொன்னிறம் கொடுப்பதும் சர்க்கரைதான், இனிப்பு அதன் வேலைகளில் ஒன்று மட்டுமே. 80 கிராம் வரை குறைக்கலாம், வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள்: கேக்கைப் பத்துத் துண்டாக்கினால் துண்டுக்கு 12 கிராம் சர்க்கரை 8 ஆகிறது, மைதாவிலிருந்து வரும் 9 கிராம் மாவுச்சத்து அப்படியே நிற்கிறது. மைதாவும் ரத்தத்தில் சர்க்கரையாகத்தான் போய்ச் சேரும், இதை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள்.

அதனால் நான் சிஃபான் கேக்குக்கு மாறச் சொல்வேன், அதாவது மஞ்சள் கருவை எண்ணெய், பால், மைதாவோடு கலந்து, தனியாக அடித்த வெள்ளைக்கருவைச் சேர்த்துச் செய்வது. 4 முட்டை, மைதா 80 கிராம், சர்க்கரை 60 கிராம், எண்ணெய் 40 மில்லி, பால் 50 மில்லி, பேக்கிங் பவுடர் முக்கால் டீஸ்பூன், ஒரு சிட்டிகை உப்பு. சர்க்கரையும் மாவுச்சத்தும் சேர்த்துத் துண்டுக்கு 21 கிராம் இருந்தது சுமார் 12 ஆகிவிடும். எண்ணெய் இருப்பதால் சர்க்கரை குறைந்தாலும் வறண்டு போகாது.

கேள்வி: குறைந்த சர்க்கரையில் வெள்ளைக்கரு அடித்தால் திரிதிரியாகி அடியில் தண்ணீர் நிற்கிறதே?

பதில்: வேகம் அதிகம், நேரமும் அதிகம். அரை டீஸ்பூன் எலுமிச்சைச் சாறு விட்டு, நடுத்தர வேகத்தில் அடித்து, சர்க்கரையை மூன்று தடவையாகப் போடுங்கள். பீட்டரைத் தூக்கினால் முனை லேசாக வளைந்து நிற்க வேண்டும், மேலே பளபளப்பு இருக்க வேண்டும். பளபளப்பு போய்ப் பஞ்சு பிய்த்த மாதிரி தெரிந்தால் தாண்டிவிட்டீர்கள். அடித்த நுரை காத்திருக்காது, மஞ்சள் கரு கலவையை முதலிலேயே தயாராக வைத்துக்கொள்ளுங்கள். 160 டிகிரியில் சுமார் 40 நிமிடம். டின்னுக்கு எண்ணெய் தடவக் கூடாது, வெந்ததும் தலைகீழாகக் கவிழ்த்து ஆற விடுங்கள்.

கேள்வி: நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி போட்டால் சுகர் ஏறாதாமே?

பதில்: ஏறும். வாசனைக்குப் போடுங்கள், மருந்தென்று நினைத்துப் போடாதீர்கள்.

கேள்வி: ஸ்டீவியா சொட்டு மட்டும் விட்டுச் செய்தேன், தட்டையாக ரப்பர் மாதிரி வந்தது.

பதில்: வரத்தான் செய்யும். ஸ்டீவியா ஒரு செடியின் இலையிலிருந்து எடுப்பது, சர்க்கரையைவிட 200 மடங்குக்கு மேல் இனிப்பு, அதனால் கொஞ்சம் சொட்டுகளே போதும், ஆனால் 60 கிராம் சர்க்கரை செய்த வேலையை அந்தச் சொட்டுகள் எப்படிச் செய்யும்? சர்க்கரை அளவுக்குக் கனமும் வேண்டுமென்றால் எரித்ரிட்டால் பாருங்கள், சர்க்கரை மாதிரியே தூளாக வரும் இனிப்பூட்டி. இனிப்பு சர்க்கரையில் 70 சதவீதம்தான். முழுக்க அதையே போட்டால் நாக்கில் ஜில்லென்று இருக்கும், நிறமும் வெளுத்துப் போகும், ஆறியதும் மறுபடி கட்டி தட்டும். 30 கிராம் சர்க்கரை, 30 கிராம் எரித்ரிட்டால், அதையும் மிக்ஸியில் பொடித்து, இதுதான் எனக்குப் பிடித்த அளவு. அஸ்பார்டேம் உள்ள மாத்திரைகள் வேண்டாம், சூட்டில் இனிப்பு போய்விடும். மால்டிட்டால் என்ற இனிப்பூட்டி போட்டு 'சுகர் ஃப்ரீ' என்று விற்பதும் ரத்தச் சர்க்கரையை ஏற்றும், கூடுதலாகச் சாப்பிட்டால் வயிறும் கலக்கும்.

கேள்வி: மைதாவுக்குப் பதில் முழுக்க பாதாம் மாவு?

பதில்: எண்ணெய்ப்பசை நுரையை அமுக்கிவிடும். கால் பங்கு மட்டும் மாற்றுங்கள்.

கேள்வி: முட்டை சேர்க்காத வீடு, கண்டென்ஸ்டு மில்க் ஊற்றிச் செய்யலாமா?

பதில்: அதில் பாதிக்கு மேல் சர்க்கரையே! தயிர், பேக்கிங் சோடா வழியில் செய்யுங்கள். கொஞ்சம் கனமாகத்தான் வரும், பஞ்சு மாதிரி வரும் என்று நான் பொய் சொல்ல மாட்டேன்.

கேள்வி: மேலே என்ன வைப்பது?

பதில்: பேக்கரி சாமான் கடையில் விற்கும் விப்பிங் கிரீம் பலவற்றில் முன்பே சர்க்கரை சேர்த்திருப்பார்கள், பெட்டியைத் திருப்பிப் படியுங்கள். துணியில் கட்டித் தொங்கவிட்ட தயிரில் வெனிலா கலந்து தடவினால் புளிப்பும் கேக்கும் நன்றாகச் சேரும். ஊட்டி, கொடைக்கானல் ஸ்ட்ராபெர்ரி கிடைத்தால் விடாதீர்கள், 100 கிராமில் 5 கிராம் அளவுதான் சர்க்கரை. மாம்பழத்தில் அதைப்போல இரண்டரை மடங்குக்கு மேல். டின்னில் வரும் பழம் சர்க்கரைப் பாகில் ஊறியது, தொடாதீர்கள்.

கேள்வி: எத்தனை நாள் வைக்கலாம் அக்கா?

பதில்: சர்க்கரை குறைந்தால் சீக்கிரம் உலரும், பூஞ்சையும் சீக்கிரம் பிடிக்கும். தயிர் தடவியதை அடுத்த நாளுக்குள் முடித்துவிடுங்கள். வெறும் கேக்கென்றால் மூடி ஃபிரிட்ஜில் இரண்டு மூன்று நாள். மீதியை துண்டு போட்டு, தனித்தனியாகச் சுற்றி ஃப்ரீசரில் வையுங்கள், வேண்டும்போது ஒரு துண்டு மட்டும் எடுக்கலாம். டப்பா எதிரிலேயே இருந்தால் அம்மா இரண்டாவது துண்டுக்குக் கை நீட்டுவார், அப்புறம் நாம் குறைத்த 60 கிராம் எல்லாம் வீண்.