மழையில் மலையேறி ஹாம் ரேடியோ பேசுவது எதற்காக? மழை சிக்னலைத் தடுக்காதா?

ஹாம் ரேடியோ என்பது தேர்வு எழுதி உரிமம் வாங்கியவர்கள், காசு எதிர்பார்க்காமல் பொழுதுபோக்காக நடத்தும் வானொலித் தொடர்பு. அதைத் தூக்கிக்கொண்டு மலையேறுவதற்கென்றே 'சம்மிட்ஸ் ஆன் தி ஏர்' என்ற திட்டம் 2002 மார்ச்சில் பிரிட்டனில் தொடங்கியது. உச்சியிலிருந்து குறைந்தது 4 பேரிடம் பேசினால்தான் அந்த மலைக்குரிய புள்ளிகள் கிடைக்கும்.

ஏன் உச்சி? கையடக்க ரேடியோவின் 145 மெகாஹெர்ட்ஸ் அலை ஏறக்குறைய நேர்கோட்டில் போகும். குறுக்கே குன்று வந்தால் மங்கிவிடும். சந்துக்குள் நின்று கூப்பிட்டால் சுவர்கள் விழுங்கிவிடும், மொட்டை மாடியிலிருந்து கூப்பிட்டால் நாலு தெரு தள்ளியும் கேட்கும் இல்லையா, அதேதான். இங்கிலாந்தின் ஹெல்வெலின் மலை 950 மீட்டர் உயரம். அங்கிருந்து தொடுவானமே சுமார் 110 கிலோமீட்டர் தள்ளித்தான். 5 வாட் சக்தியே தாராளம்.

மழைநாளில் உண்மையான தொல்லை காகிதம். யாரிடம் எத்தனை மணிக்குப் பேசினோம் என்று குறித்தாக வேண்டும். ஈரத்தாளில் பால்பாயின்ட் பேனா வழுக்கும், பென்சில்தான் கைகொடுக்கும். ரேடியோவைப் பிளாஸ்டிக் பைக்குள் போட்டு, பையோடு சேர்த்தே பொத்தானை அழுத்திப் பேசுவார்கள். (இதில் என்ன சுகம் என்று என்னைக் கேட்காதீர்கள்.)

மழையில் டிடிஎச் டிவி நின்றுபோவதைப் பார்த்தே பலர் இதையும் அப்படி நினைக்கிறார்கள். அது 10 கிகாஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட, மிகக் குட்டையான நுண்ணலை (மைக்ரோவேவ்), 2 மீட்டர் நீளமுள்ள இந்த அலையை மழைத்துளி கண்டுகொள்வதே இல்லை, இடிச்சத்தம் கேட்டால் மட்டும் ஆன்டெனாவை மடக்கிக்கொண்டு இறங்கிவிட வேண்டும்.