விடுதியை விட்டு வெளியே வீடு எடுத்தால் மிச்சமாகுமா?

கேள்வி: நாங்கள் பேரணாம்பட்டு. கணவர் ஷூ கம்பெனியில் வேலை செய்கிறார். மகள் காட்பாடி பக்கம் பி.இ. இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். கல்லூரி விடுதிக்கும் மெஸ்ஸுக்கும் சேர்த்து வருடம் 70,000 ரூபாய் கட்டுகிறோம். இப்போது தோழிகள் நான்கு பேர் சேர்ந்து காந்தி நகரில் 9,000 வாடகைக்கு வீடு பார்த்திருக்கிறார்கள். அட்வான்ஸ் 40,000. எஸ்சி மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையும், புதுமைப் பெண் ஆயிரமும் அவளுக்கு வருகின்றன. வெளியே போனால் பணம் மிச்சமாகுமா?

பதில்: மாதம் 2,250தானே என்று பார்த்தால் மிச்சம் போலத்தான் தெரியும். ஆனால் கல்லூரி பத்து மாதம் நடந்தாலும், வீட்டுக்காரருக்குப் பன்னிரண்டு மாதமும் வாடகை உண்டு. அதுவே 27,000. சமைத்துச் சாப்பிட மாதம் 3,000 வைத்தால் பத்து மாதத்துக்கு 30,000. கரண்ட், தண்ணீர் கேன், நெட் எல்லாம் மாதம் 450 என்றால் 4,500. ஆக 61,500. வேலூர் வெயிலில் இரவு பகலாக ஃபேன் ஓடும், அதனால் கரண்ட் செலவைக் குறைத்துப் போடாதீர்கள்.

இதோடு முடியவில்லை. போஸ்ட் மெட்ரிக் திட்டத்தில் பொறியியல் மாதிரியான தொழிற்படிப்புக்கு, விடுதியில் தங்குகிறவர்களுக்கு வருடம் 13,500 படி. வெளியிலிருந்து வந்து போகிறவர்களுக்கு 7,000தான். விடுதியைக் காலி செய்தால் 6,500 போய்விடும். மொத்தம் 68,000. மிச்சம் வெறும் 2,000. அடுப்பு, பாத்திரம் வாங்கினாலே அது காணாமல் போகும். பெண் விடுதியில் நிம்மதியாக இல்லை என்றால் அது வேறு விஷயம், தாராளமாக மாற்றுங்கள். பணத்துக்காக என்றால் வேண்டாம் என்பேன்.

சரி, போவது என்றே முடிவானால், உதவித்தொகையை வாடகைக்கு நம்பாதீர்கள். வாடகை ஐந்தாம் தேதி கேட்பார்கள். உதவித்தொகையோ மாநிலப் பங்கு ஒரு நாள், மத்தியப் பங்கு இன்னொரு நாள் என்று, அதுவும் தாமதமாகவே அக்கவுண்ட்டில் விழும். ஆதார் இணைப்பில் கோளாறு இருந்தால் அதுவும் வராது. பேங்க்கில் ஒருமுறை கேட்டுவிடுங்கள். மாதாமாதம் வருகிற புதுமைப் பெண் ஆயிரத்தை மட்டும் வாடகைக் கணக்கில் சேர்க்கலாம். அது மற்ற உதவித்தொகையோடு சேர்த்தே கிடைப்பது. மீதி 1,250 உங்கள் வீட்டு வருமானத்திலிருந்து வர வேண்டும். மூன்று மாத வாடகைப் பங்கு 6,750ஐத் தனியாக வைத்துவிட்டு, உதவித்தொகை வரும்போது எடுத்ததை நிரப்பிக்கொள்ளுங்கள்.

அட்வான்ஸ் 40,000 அதிகம். தனி ஒப்பந்தம் இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்கிறது தமிழ்நாட்டின் 2017 வாடகைச் சட்டம். 27,000க்குப் பேசிப் பாருங்கள். அப்புறம், நான்கு பேரில் ஒருத்தி நடுவில் கிளம்பினால் பங்கு 3,000 ஆகும். கிளம்புகிறவள் வேறு ஆள் சேர்த்துவிட்டுத்தான் அட்வான்ஸைத் திரும்ப வாங்க வேண்டும் என்று நான்கு பெற்றோரும் இப்போதே எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள்.