ஆல்டர்னேடிவ் ராக் (மாற்று ராக் இசை) நிர்வானா என்ற அமெரிக்க இசைக்குழுவோடு தொடங்கி நிர்வானாவோடு முடிந்துவிட்டதா? "மாற்று" என்றால் எதற்கு மாற்று?

கேட்டவருக்கு இருபது, இருபத்திரண்டு வயது இருக்கும் என்று நினைக்கிறேன். நிர்வானாவின் மஞ்சள் ஸ்மைலி போட்ட டி-ஷர்ட் வாங்கிவிட்டு, அப்புறம் பாட்டைத் தேடியிருப்பீர்கள். தப்பே இல்லை. ஆனால் "நிர்வானாதான் ஆரம்பம்" என்று யாராவது சொன்னால் எனக்குச் சுருக்கென்று இருக்கும்.

1990-ல் எம்.எஸ். படிக்க அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்துக்குப் போனேன். நவம்பரில் தேங்க்ஸ்கிவிங் விடுமுறை வந்ததும் எல்லாரும் ஊருக்குக் கிளம்பிவிட, பல்கலைக்கழக வானொலியில் தட்டு போட ஆள் இல்லை. ஊருக்குப் போக வழியில்லாத ஜீவன் நான் ஒருவன்தான். எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் பாட்டு, அப்பா வைத்திருந்த ஒரு போனி எம் கேசட். இருந்தும் சேர்த்துக்கொண்டார்கள். இரவு ஒன்றிலிருந்து மூன்று வரை. சம்பளம் கிடையாது.

ஒவ்வொரு தட்டின் உறையிலும் வெள்ளைத் தாள் ஒன்று ஒட்டியிருக்கும். எந்தப் பாட்டைப் போடலாம் என்று பேனாவில் எழுதி, கெட்ட வார்த்தை வரும் பாட்டைச் சிவப்பில் அடித்திருப்பார்கள். அந்தத் தாள்களைப் படித்துத்தான் கற்றுக்கொண்டேன். அதே ஜார்ஜியாவில் ஏதென்ஸ் என்ற கல்லூரி ஊரில் 1980-ல் கிளம்பிய இசைக்குழு ஆர்.இ.எம். மினியாபொலிஸின் ஹஸ்கர் டூ (டேனிஷில் "ஞாபகம் இருக்கா" என்று அர்த்தமாம்). பாஸ்டனின் பிக்ஸீஸ். ஒன்று போல ஒன்று ஒலிக்காது. பெரிய வானொலிகள் அவ்வளவாகத் தொடாத கூட்டம் என்பதுதான் பொது. சின்ன கம்பெனி தட்டு வெளியிடும், மாணவர் வானொலி போடும், வேனில் ஊர் ஊராகப் போய் வாசிப்பார்கள். எதற்கு மாற்று என்று கேட்டீர்களே, அந்தப் பெரிய கடைத்தெருவுக்கு மாற்று. (வெல்வெட் அண்டர்கிரவுண்டை விட்டுவிட்டான், பங்க்கை விட்டுவிட்டான், இங்கிலாந்தில் ஸ்மித்ஸை விட்டுவிட்டான் என்று வரப்போகிறவர்களுக்கு: தெரியும் ஐயா. நான் என் அலமாரியைச் சொல்கிறேன்.)

பீட்சா கடையில் வேலை பார்க்கும் பையன் ஒருவன் வாராவாரம் ஒன்றரை மணிக்கு, கடையைக் கழுவிவிட்டுப் போன் செய்வான். பிக்ஸீஸ் கேட்பான். என் உச்சரிப்பையும் திருத்துவான். 1991 செப்டம்பரில் நிர்வானாவின் "நெவர்மைண்ட்" ஆல்பம் வந்தது. கம்பெனியே பெரிதாக நம்பவில்லை. அமெரிக்கக் கடைகளுக்கு முதலில் அனுப்பியது ஏறக்குறைய 46,000 பிரதிகள்தான். பையன் நாலு வாரம் தொடர்ந்து அதையே கேட்டான். 1992 ஜனவரியில் அது மைக்கேல் ஜாக்சனின் "டேஞ்சரஸ்" ஆல்பத்தைத் தள்ளிவிட்டு, பில்போர்டு என்ற அமெரிக்க இசைப் பத்திரிகையின் ஆல்பம் பட்டியலில் முதலிடத்துக்கு வந்தது. அப்புறம் ஒரு ராத்திரி போன்: "அதைப் போடாதே. கடையில் பகல் பூரா அதுதான் ஓடுகிறது." மறுபடி பிக்ஸீஸுக்குப் போய்விட்டான். பின்னாளில் நிர்வானாவின் பாடகர் கர்ட் கோபேனே, பிக்ஸீஸைக் காப்பியடிக்கத்தான் பார்த்தேன் என்று பேட்டியில் ஒப்புக்கொண்டார்.

நிர்வானாவுக்கு நான் எதிரி இல்லை, அடிக்க வராதீர்கள். ஆனால் 1991 மே மாதமே ஆர்.இ.எம். பில்போர்டு ஆல்பம் பட்டியலில் முதலிடம் பிடித்துவிட்டது. அதே மாதம் அந்தப் பட்டியலின் கணக்கும் மாறியது. அதுவரை கடைக்காரர் வாய்க்கு வந்ததுதான் விற்பனை. அதற்குப் பிறகு கல்லாவில் பார்கோடு சொன்னது. ஏற்கெனவே இருந்த கூட்டம் அப்போதுதான் எண்ணிக்கையில் தெரிந்தது என்பது என் கட்சி.

முடிந்த கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1994-ல் கோபேன் இறந்தார். பெரிய கம்பெனிகள் அதே குரல், அதே கிட்டார் என்று நகல் எடுத்துத் தள்ளின. 1996-ல் வந்த தொலைத்தொடர்புச் சட்டம், ஒரு நிறுவனம் நாடு முழுக்க இத்தனை வானொலிகள்தான் வைத்துக்கொள்ளலாம் என்ற வரம்பை எடுத்துவிட்டது. ஊருக்கு ஊர் ஒரே பாட்டு. பெயர் மட்டும் "ஆல்டர்னேடிவ்". அந்தப் பெயரில் பில்போர்டில் இன்றைக்கும் ஒரு பட்டியல் ஓடுகிறது. ஆக முடியவில்லை, ஆனால் எனக்கு முடிந்துவிட்டது.

இன்னொன்றையும் கொட்டிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தமில்லை. என் நிகழ்ச்சிகளைப் பன்னிரண்டு கேசட்டில் பதிந்து, அழியக் கூடாதென்று மேலே இருக்கும் பிளாஸ்டிக் பல்லையும் உடைத்துவைத்து, 1996-ல் மதுரைக்குக் கொண்டுவந்தேன். என் மச்சினன் அந்த ஓட்டையில் செல்லோடேப் ஒட்டி, மகன் காதுகுத்து நாதஸ்வரத்தை அதன்மேலேயே பதிந்துவிட்டான். ஒன்றல்ல, ஏழு கேசட். கேட்டால், "வெறும் இரைச்சல்தான மாமா இருந்துச்சு" என்றான். இருபத்தெட்டு வருஷமாயிற்று, இன்னும் ஆறவில்லை.

ஒரு கேசட்டில் மட்டும் நாதஸ்வரம் முடிந்து "ஹலோ மைக் டெஸ்டிங்" வந்த பிறகு இரண்டு நிமிடம் தப்பித்திருக்கிறது. அமெரிக்கக்காரன் மாதிரி பேச முயன்று, ஹஸ்கர் டூவைத் தப்பாகச் சொல்கிறேன். பின்னால் போன் மணி அடிக்கிறது.