சிங்கப்பூர்க் கடலில் அலையே இல்லையே, அலை மின்சாரக் கருவியை இங்கே சோதிக்க முடியுமா?

பாலிடெக்னிக் இறுதியாண்டுத் திட்டத்துக்காகக் கேட்டிருக்கிறீர்கள். முடியும். ஆனால் இங்கே மின்சாரம் எடுக்க நினைக்காதீர்கள். சிறிய மாதிரியைச் சோதியுங்கள். அதற்கு நம் கடல் அருமையான இடம்.

கணக்கைப் பாருங்கள். ஆழமான நீரில் ஒரு மீட்டர் அகல அலைமுகப்பு கொண்டுவரும் திறன், கிலோவாட்டில், ஏறத்தாழ 0.49 × அலை உயரத்தின் (மீட்டரில்) வர்க்கம் × அலைக்காலம் (அடுத்தடுத்த இரு முகடுகள் கடக்கும் இடைவெளி, வினாடியில்). அட்லாண்டிக்கில் 3 மீட்டர் உயரம், 9.5 வினாடி என்றால் சுமார் 42 கிலோவாட். ஈஸ்ட் கோஸ்ட் பக்கம் 0.3 மீட்டர், 3 வினாடி என்றால் வெறும் 130 வாட். சில விளக்குகளை எரிக்கத்தான் பற்றும்.

இப்போது அந்த இரண்டு அலைகளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 1:10 மாதிரிக்கு உயரத்தைப் பத்தாலும் காலத்தைப் பத்தின் வர்க்கமூலமான 3.16-ஆலும் வகுக்க வேண்டும். 3 மீட்டர் 0.3 ஆகிறது, 9.5 வினாடி 3 ஆகிறது. அதாவது நம் சிற்றலை, அட்லாண்டிக் அலையின் சரியான சிறு உருவம். டென்மார்க்கின் வேவ் டிராகன் என்ற அலை மின்சாரக் கருவியை 2003-ல் 1:4.5 அளவில் நிஸும் பிரெட்னிங் என்ற அமைதியான உள்கடலில் மிதக்கவிட்டதும் இதே காரணத்துக்காகத்தான். ஒரு மீட்டருக்கான திறன் சுமார் 316 மடங்கு குறைகிறது; கருவியின் அகலமும் பத்தில் ஒன்றாவதால் கருவியின் மொத்தத் திறன் 3,162 மடங்கு சுருங்கும்: முழு அளவில் 100 கிலோவாட் தரவேண்டிய கருவி இங்கே 32 வாட் காட்டினால் அது நல்ல முடிவு, தோல்வி இல்லை.

சுருங்காத விஷயங்கள்தான் ஆளைக் கவிழ்க்கும். விசை ஆயிரத்தில் ஒரு பங்காகும். சீல், பேரிங் உராய்வு அப்படிக் குறையாது. மாதிரியின் இழுவிசை 100 நியூட்டன், ஹைட்ராலிக் சிலிண்டர் சீல் மட்டும் 20 நியூட்டன் தின்றால் ஐந்தில் ஒரு பங்கு அங்கேயே போய்விடும். ஆகவே குட்டி ஹைட்ராலிக் செய்ய வேண்டாம். முறுக்குவிசையைக் கட்டுப்படுத்தக்கூடிய டிசி மோட்டாரைத் தடையாக வையுங்கள். விசையையும் வேகத்தையும் தனித்தனியாக அளந்து பெருக்குங்கள்; ஜெனரேட்டர் முனையில் வரும் வாட்டை வைத்துக் கருவியை எடைபோடாதீர்கள். அலை ஒரு அறைக்குள் காற்றைத் தள்ளி இயங்கும் காற்றறை வகைக் கருவி என்றால் இன்னொரு சிக்கல்: காற்றின் அமுங்குதன்மையும் சேர்ந்து சுருங்காது. 1:10 மாதிரிக்கு வடிவப்படி வரும் காற்றறையைப் போல் பத்து மடங்கு கன அளவு வேண்டும். வெளியே ஒரு டிரம் இணைத்துச் சரிக்கட்டலாம்.

அலையை அளப்பதில் பலரும் செய்யும் தவறு, கடலடியில் அழுத்த உணரியை வைப்பது. 3 வினாடி அலையின் நீளம் சுமார் 14 மீட்டர். 10 மீட்டர் ஆழத்தில் அதன் அழுத்தத்தில் 2 சதவீதம்தான் எஞ்சும்; உணரியின் இரைச்சலும் அலையும் ஒன்றாகிவிடும். மேற்பரப்பிலேயே அளக்க வேண்டும்: தூணில் பொருத்திய ரேடார் அல்லது மின்தேக்கு அளவுகோல், இல்லையேல் சிறிய அலைமிதவை. பதிவை 20 முதல் 30 நிமிடத் துண்டுகளாக வெட்டுங்கள். பாத்தாம் போகும் ஃபெர்ரிகளும் கப்பல்களும் கிளப்பும் அலைகள் அதில் கலந்திருக்கும். நீளமான அலை முதலில் வரும், பின்னால் காலம் குறைந்துகொண்டே போகும். அந்த அடையாளத்தை வைத்து அந்தத் துண்டுகளை ஒதுக்கிவிடலாம். ஓத நீரோட்டமும் அலையின் வடிவத்தை மாற்றும் என்பதால் நீரோட்டத்தையும் கூடவே பதிய வேண்டும்.

மூரிங்கில், அதாவது கருவியைக் கடலடியோடு கட்டிவைப்பதில், ஓதம்தான் எதிரி. இங்கே நீர்மட்டம் 3 மீட்டர் வரை ஏறி இறங்கும். நீர் வற்றியிருக்கும்போது இறுக்கிக் கட்டினால் ஏறும்போது மிதவை நீருக்குள் இழுபடும். மூன்று கால் சங்கிலி, ஒவ்வொன்றும் உச்ச நீர்மட்ட ஆழத்தைப் போல் சுமார் நான்கு மடங்கு, தரையில் கொஞ்சம் கிடக்கும்படி. சங்கிலியை இணைக்கும் வளையமான ஷேக்கிளின் பின்களைக் கம்பியால் கட்டிப் பூட்டாவிட்டால் ஆடி ஆடிக் கழன்றுவிடும். கால்வனைஸ்டு சங்கிலியில் ஸ்டெயின்லெஸ் ஷேக்கிள் போட்டால் துத்தநாகப் பூச்சு அந்த இணைப்பில்தான் முதலில் கரையும். இழுவிசையை அளக்கும் லோடு செல்லை நொடிக்கு 50 முறையாவது வாசிக்க வேண்டும். சங்கிலி திடீரென விறைத்து வெடுக்கென இழுப்பது நொடியின் பத்தில் ஒரு பங்குக்குள் முடிந்துவிடும்.

கேபிள் அறுந்தாலோ கட்டுப்பாட்டுப் பெட்டி நின்றாலோ மோட்டாரில் தடை போய்விடும். மிதவை கட்டற்று ஆடி முட்டுமுனையில் மோதி உடையும். ரப்பர் முட்டும், மின்சாரம் நின்றால் தானே மோட்டாரோடு இணையும் ரெசிஸ்டரும் கட்டாயம் வேண்டும். சுமத்ரா பக்கமிருந்து வரும் திடீர்க் காற்றுமழையான சுமத்ரா சூறை விடியற்காலையில் அதிக அவகாசம் தராமல் வரலாம் என்பதை மறக்காதீர்கள்.

கடல்துறை, துறைமுக ஆணையத்தின் அனுமதி இல்லாமல் எதையும் மிதக்கவிடக் கூடாது. உலோகத்தை வெட்டுவதற்கு முன்பே விண்ணப்பத்தைத் தொடங்குங்கள். மஞ்சள் நிறமும் மஞ்சள் விளக்கும் வேண்டும்.

கடைசியாகக் கொட்டலசு, அதாவது பார்னக்கிள். நீர் ஆண்டு முழுவதும் 27 முதல் 31 டிகிரி என்பதால் அதற்குப் பருவமே இல்லை; சில வாரங்களிலேயே மிதவை கனத்துவிடும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அமைதியான நீரில் மிதவையை அழுத்தி விட்டு, அது தானே ஆடும்போது ஒரு முழு ஆட்டத்துக்கு ஆகும் காலத்தை அளந்து வையுங்கள். காலம் நீண்டிருந்தால் எடை கூடியிருக்கிறது. சுரண்டிச் சுத்தம் செய்து, அதற்கு முந்தைய தரவையும் பிந்தைய தரவையும் தனித்தனிக் கோப்பில் போடுங்கள்.