சிலிகா ரப்பர்: கோடு ஏறிக்கொண்டே போகிறதே?

நண்பரே, சிலிகாத் தூள் கலந்த ரப்பரை மும்பையில் சிறுகோண எக்ஸ்ரே சிதறலில் (உள்ளே இருக்கும் நானோ துகள்களின் அளவைக் காட்டும் சோதனை) அளந்து, க்யூ (சிதறும் கோணத்தைக் குறிக்கும் எண்; அது குறையக் குறையப் பெரிய துகள்கள் தெரியும்) 0.05 வரை (நானோமீட்டருக்கு) இறங்கியும் சிதறல் அளவைக் காட்டும் கோடு தட்டையாகவில்லை, சிலிகா சரியாகக் கலக்கவில்லையோ என்று கேட்டிருந்தீர்கள். எவ்வளவு பெரிய துகள் வரை தெரியும் என்று அறிய 6.28-ஐ (இரண்டு பை) 0.05-ஆல் வகுங்கள்: சுமார் 125 நானோமீட்டர். அதைவிடப் பெரிய சிலிகாக் கட்டி உங்கள் கண்ணுக்கே படாது. கலவையைக் குறை சொல்ல இது போதாது. இன்னும் சிறிய கோணங்களை அளக்கும் அதிசிறுகோணச் சிதறல் வேண்டும்.

அதற்கு முன், ரப்பரை வேகவைக்கச் சேர்க்கும் துத்தநாக ஆக்ஸைடைக் கவனியுங்கள். மாட்டுங்கா ஆய்வறையில் இரண்டு மாதம் நான் மல்லுக்கட்டியது இதோடுதான்! எக்ஸ்ரேயில் அது சிலிகாவைவிடப் பல மடங்கு பளிச்சென்று தெரியும். சிலிகாவை மட்டும் விட்டுவிட்டு, மற்றதெல்லாம் சேர்த்து வேகவைத்த ஷீட்டை அதே தடிமனில் அளந்து, சிலிகா ஷீட்டின் அளவிலிருந்து கழியுங்கள். எக்ஸ்ரேக்குப் பதில் நியூட்ரானைச் சிதறவிட்டால் இந்தத் தொல்லை குறைவு. மும்பை டிராம்பேயின் துருவா அணு உலையில் அந்த நியூட்ரான் கருவி இருக்கிறது.