பாதைகளைச் சேர்த்து கிளிப் கட்டுவது: கேள்வி பதில்

கிண்டியிலிருந்து: சார், மாநகராட்சி வரைபடத்தில் அடையாறு, பெருங்குடி மண்டலங்களுக்குள் மட்டும் படம் தெரிய வேண்டும். கேன்வாஸில் (இணைய உலாவியில் நிரலால் படம் வரையும் பரப்பு) ஒவ்வொன்றுக்கும் தனியாக கிளிப் (ஒரு வடிவத்துக்குள் மட்டும் படம் தெரியச் செய்யும் கட்டளை) கொடுத்தேன். திரை காலி.

கிளிப் கூட்டாது, வெட்டும். ஒவ்வொரு அழைப்பும் ஏற்கெனவே உள்ள பகுதிக்கும் புதிய பாதைக்கும் (வடிவத்தின் வெளிக்கோடு) பொதுவான இடத்தை மட்டும் மிச்சம் வைக்கும். இரு மண்டலங்களுக்கும் பொதுவானது எல்லைக்கோடுதான். அதற்குப் பரப்பு ஏது? புதிய பாதையைத் தொடங்கும் பிகின்பாத் ஒரே முறை. பிறகு ஒவ்வொரு மண்டலத்தையும் பேனாவைத் தொடக்கப் புள்ளிக்கு நகர்த்தும் மூவ்டூவில் தொடங்கி, வடிவத்தை மூடும் குளோஸ்பாத்தில் முடியுங்கள். கடைசியில் கிளிப், அதுவும் ஒரே முறை. லூப்புக்குள் பிகின்பாத் புகுந்துவிட்டால் கடைசி மண்டலம் மட்டுமே தங்கும். பலர் தடுக்கி விழும் இடம் இது. கையில் பாத்2டி பொருள்கள் (சேமித்து வைத்த பாதைகள்) இருந்தால், ஒன்றோடொன்று சேர்க்க ஆட்பாத் போதும். கிளிப்பை மட்டும் நீக்கக் கட்டளை இல்லை: முன்னால் நிலையைச் சேமிக்கும் சேவ், பின்னால் அதை மீட்கும் ரீஸ்டோர்.

வேளச்சேரியிலிருந்து: ஒன்றன்மேல் ஒன்று ஏறும் இரண்டு வடிவங்களைச் சேர்த்தால் நடுவில் ஓட்டை விழுகிறதே?

எத்தனை முறை மூடியது என்று எண்ணி உள்ளே, வெளியே பிரிக்கும் ஈவன்ஆட் விதி போட்டிருந்தால் ஓட்டை நிச்சயம்: இரண்டு முறை மூடிய இடம் இரட்டைப்படை, அதாவது வெளியே. கூட்டுத்தொகை பூஜ்யம் இல்லையென்றால் உள்ளே என்னும் நான்ஜீரோ விதியில், கோடு சுற்றும் சுழற்சித் திசைதான் (சுழி) கணக்கு. இரண்டும் ஒரே சுழியென்றால் 1+1=2, உள்ளே. எதிரெதிர் என்றால் 1−1=0, ஓட்டை. பரப்பளவுச் சூத்திரத்தில் வரும் கூட்டல், கழித்தல் குறியைப் பார்த்து, மாறியிருப்பதன் புள்ளிகளைத் தலைகீழாக அடுக்குங்கள். பள்ளிக்கரணை சதுப்புநிலத்தை வேண்டுமென்றே விட நினைத்தால் இதே வித்தைதான், உள்வளையத்தை எதிர்ச்சுழியாக்குங்கள். வரைபட எல்லைகளைச் சேமிக்கும் கோப்பு வடிவமான ஜியோஜேசனுக்கு 2016இல் வந்த ஆர்எஃப்சி 7946 என்ற தர ஆவணம், வெளிவளையம் இடஞ்சுழி, உள்வளையம் வலஞ்சுழி என்கிறது. கிடைக்கிற கோப்பெல்லாம் அப்படி இருக்கும் என்று நம்பாதீர்கள். கேன்வாஸில் ஒய் அச்சு கீழ்நோக்கிக் கூடுவதால் சுழி மாறித் தெரியும். இரு வளையங்களும் எதிரெதிராக இருந்தால் போதும்.

தரமணியிலிருந்து: இரண்டு வட்டங்களுக்கு நடுவே ஒரு கோடு இழுக்கிறது.

வட்டம் வரையும் ஆர்க், முந்தைய புள்ளியிலிருந்து கோடு போட்டுக்கொண்டுதான் வரும். கோணம் 0இல் தொடங்கினால், அதற்கு முன் (மைய எக்ஸ் + ஆரம், மைய ஒய்) புள்ளிக்கு மூவ்டூ கொடுங்கள்.

அண்ணா நகரிலிருந்து: பிடிஎஃப்பில் கிளிப்புக்கான டபிள்யூ கட்டளை எழுதியும் கிளிப் ஆகவில்லை.

அது குறித்துவைப்பதோடு சரி. பாதையை முடிக்கும் கட்டளை வந்தால்தான் அமலாகும். எதுவும் வரைய வேண்டாமென்றால் அடுத்து சிறிய 'என்'. ஈவன்ஆடுக்கு டபிள்யூவுடன் நட்சத்திரம்.

மறுபடி கிண்டி: தனித்தனியாக கிளிப் செய்து இரண்டு முறை வரைந்தேன். எல்லையில் மெல்லிய வெளுப்பு.

எல்லைப் பிக்சலில் ஒவ்வொன்றும் பாதியை மூடும். முதலில் 50%, மீதியில் பாதி 25%. மொத்தம் 75%தான், பின்னணி எட்டிப் பார்க்கிறது. இரண்டையும் ஒரே பாதையாக்கி, ஒரே சுழியில் வைத்து, ஒரு முறை வரையுங்கள்.